பின்பால் மெஷின், ஃபிக்ஸட் ரேட்

மார்ச் 4, திங்கள்

ஸ்கூல் ஆபீஸில் மத்தியானம் வேலை இல்லை. போனில் பழைய சாமான் விற்கும் ஆப்பைத் திறந்து 'பின்பால் மெஷின்' என்று அடித்தேன். ஒரு தையல் மெஷின் வந்தது. ஒரு மாவரைக்கும் மெஷின் வந்தது. பேட்டரி போட்டால் பாடும் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று வந்தது. நிஜப் பின்பால் ஒன்றே ஒன்று, பெங்களூரில். விலையைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் நாலு லட்சம்தான்.

அந்தக் காசுக்கு ஒரு பழைய கார் வரும். அதில் ஏறி சர்ச்சுக்காவது போகலாம்.

மார்ச் 5, செவ்வாய்

எதற்காக இதைத் தேடுகிறேன் என்று எழுதி வைக்கிறேன். பின்னால் எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம்.

என் வீட்டுக்காரர் தேவநேசனுக்கு டிசம்பரில் பக்கவாதம் வந்தது. குந்தா பவர் ஹவுஸில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்துவிட்டு, ரிட்டையர் ஆன அதே வருஷம். கேரல் பாடக் கிளம்பி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பேச்சு பாதி திரும்பிவிட்டது. கால் முக்கால்வாசி. இடது கை மட்டும் வரவே இல்லை. மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் போல.

பிசியோ ஜீவிதா வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். ஸ்பாஞ்ச் பந்து ஒன்று கொடுத்தாள், அமுக்கி அமுக்கி விடச் சொல்லி. அவர் அதை ஜன்னல் வழியாகப் பக்கத்துத் தேயிலைக்குள் எறிந்தார். வலது கையால். "நான் என்ன குழந்தையா?"

இன்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஜீவிதா சொன்னாள்: "ஆன்ட்டி, முதல் ஆறு மாசந்தானுங்க முக்கியம். அதுக்குள்ள அந்தக் கையை அவரா உபயோகிக்கோணும். நாம புடிச்சு ஆட்டி விடறது பத்தாது. இல்லீன்னா விரல் மடங்கி அப்படியே நின்னுரும். ரெண்டு கையாலயும் செய்யற மாதிரி, அங்கிளுக்குப் புடிச்சது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருந்தது. குந்தா கேம்ப்பில் ஸ்டாஃப் கிளப் என்று ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு பின்பால் மெஷின். அதை யார் கொண்டு வந்து வைத்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. கண்ணாடி மூடிக்குள் இரும்புக் குண்டு ஓடும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டன். அமுக்கினால் கீழே இருக்கும் துடுப்பு குண்டை மேலே அடித்து அனுப்பும். குண்டு துடுப்புக்குத் தப்பிக் கீழே விழுந்தால் ஆட்டம் போச்சு. கல்யாணமான புதிதில் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தவர் இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வருவார். எனக்கு சக்களத்தி ஒருத்தி இருந்தாள் என்றால் அது அவள்தான். கிளப்பை மூடியபோது காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள். அன்று நான் சந்தோஷப்பட்டேன். இப்போது அவளைத் தேடி அலைகிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

சர்ச்சுக்கு முழுக்கைச் சட்டைதான் போடுவார், அதில் மாற்றம் இல்லை. இடது கைப் பட்டனை வலது கையால் அவரே போட்டுக்கொண்டார். வலது கைப் பட்டனை நான் போட்டேன். போட்டு முடிக்கும்வரை முகத்தைத் திருப்பி, சுவரில் தொங்கும் காலண்டரைப் படித்தார். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் காலண்டரை ஊன்றிப் படிக்கிறார்.

மார்ச் 14, வியாழன்

ஆப்பில் தேடித் தேடி ஓரளவு தேறிவிட்டேன்.

கோயம்புத்தூரில் ஒன்று, கொச்சியில் ஒன்று, மைசூரில் ஒன்று. மூன்றும் ஒரே போட்டோ. மூலையில் தொங்கும் ஒட்டடைகூட ஒன்றே. மூன்று பேரும் அட்வான்ஸ் அனுப்பினால்தான் விலாசம் தருவார்களாம்.

திருப்பூரில் ஒருவர் 'மைனர் வொர்க் மட்டும்' என்று போட்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன். கண்ணாடி உடைந்துவிட்டது. குண்டு காணாமல் போய்விட்டது. கால் இரண்டு இல்லை. சரி, கரண்ட் கொடுத்தால் எரியுமா? "எரியாதுங்க மேடம், ஆனா பார்க்க சூப்பரா இருக்கும்." பிறகு எதற்கு அந்த விலை? "விண்டேஜ்ங்க மேடம்."

எனக்கும் அம்பத்தாறு ஆகிறது. மூட்டு வலி இருக்கிறது, ஒரு பல் இல்லை. யாரும் விலை ஏற்றிப் போடக் காணோம்.

மார்ச் 19, செவ்வாய்

பெங்களூர்க்காரர் விலையை ஏற்றியிருக்கிறார். யாரும் வாங்கவில்லை, அதனால் இன்னும் பழசாகிவிட்டது, அதனால் விலை கூடிவிட்டது. கணக்கு சரிதான்.

மார்ச் 23, சனி

மேல் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தச்சர் பாலமுருகன் வந்தார். தேவநேசனுக்காக வாங்கிய பிடி வைத்த கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டே இருந்தது. குன்னூரில் சரிவில் கட்டிய வீட்டில் தரை எங்கே சமமாக இருக்கிறது? பீரோ, டைனிங் டேபிள், ஃப்ரிட்ஜ், எல்லாம் கட்டை வைத்துத்தான் நிற்கின்றன. ரசமட்டத்தைக் கட்டில் மேல் வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ஒவ்வொரு காலாகத் தட்டிக் கட்டை கொடுத்தார். "இனி டம்ளர்ல தண்ணி ஊத்தி வெச்சாலும் சாயாதுங்க்கா."

தேவநேசன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

தேவாலாவில் ஒன்று! கூடலூர் பக்கம், நம் மாவட்டத்துக்குள்ளேயே. ஷிஜோ என்று பேர். பேக்கரி வைத்திருக்கிறார். போட்டோவில் மெஷின் எரிகிறது, பின்னால் பன் தட்டு தெரிகிறது. ஒட்டடை இல்லை.

விலை இரண்டு லட்சம். குறைப்பீர்களா என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. சாயங்காலம் பார்த்தால் விலை இரண்டேகால்.

ஏப்ரல் 5, வெள்ளி

மறுபடி கேட்டேன். இரண்டரை ஆக்கிவிட்டார். என்ன மனுஷன் இவன்? வாயைத் திறந்தால் விலை ஏறுகிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

பட்டன். காலண்டர்.

ஏப்ரல் 20, சனி

எவ்வளவு திமிர் இருந்தால் இப்படிச் செய்வான், நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். ஜீவிதாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு ஊட்டி, கூடலூர், தேவாலா. கடைசி பஸ்ஸில் பாதி பேர் மலையாளம் பேசினார்கள்.

திமிர் பிடித்தவன் என்று நினைத்துப் போன ஆள், மாவு ஒட்டிய பனியனோடு சங்கோஜமாக நின்றார். நாற்பது வயசு இருக்கும். மெஷின் பேக்கரிக்குள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. விளக்கெல்லாம் எரிகிறது, மணி அடிக்கிறது. நானே ஒரு குண்டு விட்டுப் பார்த்தேன். சறுக்கிக்கொண்டு வந்து நேராகக் கீழே விழுந்தது. அப்போது என் இரண்டு கையும் எங்கே இருந்தன என்றே எனக்குத் தெரியவில்லை.

ஏன் விலையை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள் என்று கேட்டேன். கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சேச்சி, இது விக்கான் வேண்டி போட்டதல்லா. அவ போடச் சொன்னா, போட்டேன். வில கூட்டி வெச்சா ஆரும் வாங்க மாட்டாங்களே. எட்டு வயசுல இருந்து இது என்கூட உண்டு."

கல்லாவில் இருந்த மனைவி லிஜிக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை அவர் மறந்துவிட்டார் போல. "ஓ, அப்படியா? வருஷம் ஒண்ணாச்சு, ஒருத்தரும் வரலைன்னு நானும் மாதாகிட்ட மெழுகுவர்த்தி நேர்ந்துட்டு இருக்கேன்! எனக்கு ஐஸ்கிரீம் வெக்க ஒரு ஃப்ரீசர் வேணும் சேச்சி. அதுக்கு இடம் வேணும். ஃப்ரீசர் என்ன விலையோ அதைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

ஷிஜோ என்னைப் பார்த்துக் கேட்டார், யார் விளையாடப் போகிறார்கள் என்று. என் வீட்டுக்காரர், ஒரு கை வராது, அதற்காகத்தான் என்றேன். அதற்கப்புறம் அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. மீதி ரப்பர் வளையம், பல்பு, மூன்று குண்டு எல்லாவற்றையும் ஒரு பன் கவரில் போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கவரில் இருந்து வெண்ணெய் வாசனை வந்துகொண்டே இருந்தது.

ஏப்ரல் 21, ஞாயிறு

மெஷின் வாங்கியதைத் தேவநேசனிடம் சொன்னேன். மழைக்கு முன்னால் கூரை ஷீட் மாற்ற வைத்திருந்த பணம் என்பதையும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது?

"கை வந்தாத்தான்... நீ என்னை மனுஷன்னு ஒத்துக்குவியா?" என்றார். இவ்வளவு நீளமாகப் பேசி மாதக்கணக்காகிறது. பிறகு பின் அறைக்குப் போய் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

மே 4, சனி

மெஷின் வந்தது. சீசன் கூட்டத்தில் பிக்கப் ஊட்டியைத் தாண்டவே அரை நாள். ரோட்டிலிருந்து எங்கள் வாசல்வரை இறங்கும் படியில் நாலு பேர் திணறி இறக்கினார்கள். தேவநேசன் பின் அறையை விட்டு வெளியே வரவில்லை.

பாலமுருகன் ரசமட்டத்தோடு வந்தார். கண்ணாடி மேல் வைத்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். "ஏனுங்க்கா, முன்னங்கால் ரெண்டும் குட்டையா இருக்குது பாருங்க. கம்பெனிக்காரனே தப்பாச் செஞ்சு வெச்சிருக்கான்." நாலு காலுக்கும் கணக்குப் பார்த்துக் கட்டை கொடுத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. கட்டிலைப் போலவே.

மே 5, ஞாயிறு

குண்டு வரவில்லை.

ஸ்ப்ரிங் கம்பியை இழுத்து விட்டால் மேலே போகிறது. விளக்கு எரிகிறது, மணி அடிக்கிறது. இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நடுவில் வந்து நின்றுகொள்கிறது, வேலை தேடி வந்து திக்குத் தெரியாமல் நிற்கிற ஆள் மாதிரி. துடுப்புப் பக்கமே வருவதில்லை. பாலமுருகன் எண்ணெய் போட்டார், துணியால் துடைத்தார், மறுபடி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். "மட்டம் கரெக்டா இருக்குதுங்க்கா. உள்ளாறதான் ஏதோ கோளாறு."

மே 6, திங்கள்

ஏமாத்திட்டான். அங்க ஓடுச்சு, என் கண்ணால பார்த்தேன், இங்க ஓடலைன்னா என்ன அர்த்தம்? உள்ள ஏதோ ஒண்ணைக் கழட்டி வெச்சுக்கிட்டான். பிரிய மனசில்லாம எடுத்து வெச்சுக்கிட்டான். நானும் வெண்ணெய் வாசனையில மயங்கிட்டேன். போன் பண்ணிக் கத்தினேன். "சேச்சி, ஞான் ஒண்ணும் எடுக்கல, கர்த்தர் சத்தியமா" என்கிறான். கர்த்தரை இழுக்காதே என்றேன். ஆப்பில் அவன் பேருக்குக் கீழே 'ஏமாற்றுக்காரன்' என்று போட்டேன்.

கூரையும் போச்சு. ஜூன் வந்தால் ஆறு மாசம் முடிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

மே 7, செவ்வாய்

சாயங்காலம் பாலமுருகனும் நானும் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தோம். சத்தம் தாங்காமல் தேவநேசன் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். வந்த நாளிலிருந்து இப்போதுதான் மெஷினைப் பார்க்கிறார். கதவருகே நின்றார். மெஷினைப் பார்த்தார். காலுக்குக் கொடுத்திருந்த கட்டைகளைப் பார்த்தார். மேலே வைத்திருந்த ரசமட்டத்தைப் பார்த்தார்.

சிரிக்க ஆரம்பித்தார். முகத்தில் பாதிதான் சிரிக்கும் இப்போது. ஆனாலும் வயிறு குலுங்கிற்று. விழுந்துவிடுவாரோ என்று நாங்கள் ஓடிப்போய்ப் பிடித்தோம்.

"மட்டமா... வெச்சா... எப்படிடா வரும்?" சிரிப்பில் பேச்சு இன்னும் குழறியது. "அணையைக் கொண்டுபோய்... பவர் ஹவுஸ் மட்டத்துல வெச்சிட்டு... கரண்ட் வரலைங்கறீங்களா?"

முன்னங்கால் குட்டையாகத்தான் இருக்க வேண்டுமாம். குண்டு இறங்கி வருவதே அந்தச் சாய்வினால்தான். வாழ்நாள் பூராவும் சரிவில் இருந்துகொண்டு, சாமான் எதைப் பார்த்தாலும் சமமாக்குகிற புத்தி எங்களுக்கு. பாலமுருகன் ரசமட்டத்தைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

கட்டையை உருவினோம். குண்டு விட்டோம். இறங்கி வந்தது. அவர் கம்பை என் கையில் கொடுத்துவிட்டு வலது பக்கப் பட்டனை ஒரு அடி அடித்தார். குண்டு மேலே போய் மூன்று மணியை ஒன்றாக அடித்தது.

மே 8, புதன்

ஷிஜோவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். பக்கத்தில் லிஜி அதைவிடச் சத்தமாகச் சிரிப்பது கேட்டது. ஆப்பில் போட்டதை அழித்துவிட்டு 'நல்ல மனிதர்' என்று போட்டேன்.

மே 17, வெள்ளி

வலது கையால் மட்டும் விளையாடுகிறார். இடது பக்கம் குண்டு வந்தால் இடுப்பால் மெஷினை ஒரு தள்ளு தள்ளி வலது பக்கம் கொண்டு வருகிறார். கெட்டிக்காரர். இடது கை பட்டன் மேல் கிடக்கிறது, அவ்வளவுதான். ஜீவிதா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

வாங்கியது இதற்கா?

மே 29, புதன்

மழை ஆரம்பித்துவிட்டது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மெஷினுக்கு மேலே ஒழுகவில்லை. பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க பல்பு போட்டேன். மெஷினுக்கு அது தேவையில்லை, காலை முதல் அதன் பல்பெல்லாம் எரிந்துகொண்டேதான் இருக்கிறது. கரண்ட் பில்லை அவரிடம் காட்டினேன். "நான் தயாரிச்ச கரண்ட்தானே" என்றார்.

ஜூன் 7, வெள்ளி

ஒரு வாரமாக ஏதோ கோளாறு. குண்டு எப்படி விட்டாலும் இடது பக்கமாகவே வந்து விழுகிறது. ஆட்டம் உடனே உடனே முடிந்துவிடுகிறது. முடியும்போதெல்லாம் கெட்ட வார்த்தை சொல்கிறார், மேல் வீடுவரை கேட்கும்படி. பவர் ஹவுஸில் கற்றது.

ஜூன் 12, புதன்

பெருக்கும்போது பார்த்தேன். மெஷினின் வலது முன்னங்காலுக்கு அடியில் மட்டும் மெல்லிய கட்டை ஒன்று. அதனால்தான் இடது பக்கம் சாய்கிறது. பாலமுருகனைப் பிடித்துக்கொண்டேன். ஏற்கெனவே ஒருமுறை மெஷினைக் கெடுத்தது போதாதா?

தலையைச் சொறிந்தார். "நானா வெக்கலீங்க்கா. அண்ணன்தான் கூப்பிட்டு வெக்கச் சொன்னாரு. குண்டு நல்ல கைப் பக்கமே போனா அந்தக் கைக்கு என்னடா வேலைன்னாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு."

கட்டையைப் பார்க்காத மாதிரி சுற்றிப் பெருக்கிவிட்டு வந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

பட்டன். காலண்டர். ஆனால் நான் போடும்போது இடது கை விரல் ஒன்று என் மணிக்கட்டில் வந்து தொட்டது. தெரியாமல் பட்டதாக இருக்கும்.

ஜூன் 25, செவ்வாய்

இடது துடுப்பு எழும்பிற்று. குண்டு போன பிறகுதான் எழும்பிற்று. ஆனால் எழும்பிற்று. ஜீவிதா கை தட்டினாள். அவர் அவளைத் திட்டினார், கவனம் சிதறுகிறதாம்.

ஜூலை 3, புதன்

இன்று மெஷின் இருக்கும் அறையிலிருந்து கெட்ட வார்த்தை வரவில்லை. மணிச் சத்தம் மட்டும் வெகுநேரம் வந்தது. குழம்பு அடிபிடித்துவிட்டது.

ஜூலை 14, ஞாயிறு

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. அவர் முழுக்கைச் சட்டையோடு வந்தார். வழக்கம்போல வலது கைப் பட்டனுக்காகக் கையை நீட்டினேன்.

போட்டிருந்தது. பட்டனைக் கோணலாக ஓட்டைக்குள் இழுத்து மாட்டியிருந்தது. அவர் பைபிளை எங்கே வைத்தாய் என்று மட்டும் கேட்டார். நான் திரும்பி நின்று கொஞ்ச நேரம் காலண்டரைப் படித்தேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை.

சர்ச் முடிந்து வந்தபோது போனில் ஒரு செய்தி. கோத்தகிரி ரோட்டில் ஏதோ ரிசார்ட்டாம். ஜீவிதா தன் ஸ்டேட்டஸில் அங்கிள் விளையாடும் வீடியோவைப் போட்டிருக்கிறாள், அதைப் பார்த்திருக்கிறார்கள். 'லாபிக்கு விண்டேஜ் பீஸ் தேடுகிறோம் மேடம். பெஸ்ட் ரேட் சொல்லுங்கள்.'

பெங்களூர்க்காரரின் விலை ஞாபகம் இருந்தது. அதை இரண்டால் பெருக்கி அனுப்பினேன்.

'டூ மச் மேடம். பேசிக் குறைப்பீர்களா?'

'ஃபிக்ஸட் ரேட்' என்று எழுதினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு விலையை இன்னும் ஒரு லட்சம் ஏற்றி அனுப்பினேன்.

உள்ளே மணி அடிப்பது நின்றது. "யாரு, யூனிஸ்?"

"பழைய சாமான் கேட்கிறாங்க."

"என்ன சொன்ன?"

"இருக்குது, உங்களுக்குக் கட்டாதுன்னு சொல்லிட்டேன்."

மறுபடி மணி அடித்தது.